வேலிக்கு இந்தப் பக்கத்து வேர்

மாரிக்காற்று ஓய்ந்துவிட்டது, காலை வெயில் ஈர இலைகளில் மினுங்குகிறது. பக்கத்து வளவுப் பாலேஸ்வரியின் மாமரம் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு அருளம்பலம் வீட்டில் சமைக்கும் குசினியின் கூரையில் விழுந்து கிடக்கிறது. உடைந்த ஓடுகளுக்கு நடுவே நின்று, "உம்மடை மரம், நீர்தான் பதில் சொல்லவேணும்" என்று அவர் கத்தி முடித்துக் கொஞ்ச நேரந்தான் ஆகிறது. பாலேஸ்வரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, "ஓம் அண்ணை, என்ரை மரந்தான். மாட்டுக்கொட்டில் ஓடுகளைக் கழட்டித் தாறன்" என்கிறாள். அப்போதுதான் அவருடைய கண் மரத்தின் அடிக்குப் போகிறது. ஆவணியில் குண்டுவீச்சுக்குப் பயந்து வேலியோரம் அவர் வெட்டிய பங்கரின் சுவர் மழையில் சரிந்திருக்கிறது. சரிந்த செம்மண்ணில் கைப்பருமனான மூன்று வேர்கள், கோடாலி வெட்டின் தட்டையான முகங்களைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. குழிக்குக் குறுக்கே வந்த வேர்கள். அவர்தான் தறித்தார், ஒருவரிடமும் சொல்லவில்லை. மெல்ல நகர்ந்து அவளுக்கும் அந்த வேர்களுக்கும் நடுவே நிற்கிறார். காது மடல் சுடுகிறது.

"பாலேஸ்வரி, உந்த வேரை வெட்டினது நான்தான்."

"தெரியும் அண்ணை." அவள் குனிந்து ஓடு பொறுக்கத் தொடங்குகிறாள். "கோடாலிச் சத்தம் கேட்டது. பொம்மர் வந்தால் நானும் பிள்ளையளும் அதுக்குள்ளைதானே ஓடிவரவேணும். அதுதான் வாய் திறக்கேல்லை."

அவருக்கும் குனிந்து பொறுக்க வேண்டும் போலிருக்கிறது. குனிந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அப்படியே நிற்கிறார்.