மண்மேட்டு ஈ

ஈயைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். இறக்கை நரம்பையும் கண் இடைவெளியையும் பார்த்து, இன்ன ஈ, ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். வாட்ஸப் குழுவில் இருந்த நானூறு பேருக்கும் அவர் 'ஈ சார்'. அந்த மரியாதை வீட்டு வாசலோடு சரி.

"ரிட்டயர் ஆன மத்தவங்க எல்லாம் உருப்படியா ஏதாவது பண்றாங்க. நீங்கதான் உட்கார்ந்து ஈ ஓட்டுறீங்க" என்பாள் மனைவி. பத்து வருஷமாக இதே பாட்டு. ஒரு தடவையாவது அவள் வாயை அடைத்துவிட வேண்டும். மனிதருக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அன்று குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மூன்று படங்கள் அனுப்பினாள். முதலில் பச்சை ஈ. அடுத்தது சதை ஈ. மூன்றாவதைப் பெரிதாக்கிப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கூனல் ஈ! புதைத்த பிணத்தைக்கூட மண்ணுக்குள் இறங்கித் தேடிப் பிடிக்கிற ஜாதி. அது உட்கார்ந்திருந்ததோ, புதிதாக மூடிய மண்மேட்டின் மேல். ஓரத்தில் ஒற்றை ஆண் செருப்பு.

உடனே போன் போட்டார். "எங்கம்மா எடுத்தீங்க?"

"எங்க வீட்டுத் தோட்டத்துல சார்."

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"அவரு... வெளியூர் போயிட்டாரு சார். எப்ப வருவாருன்னு தெரியாது."

கொலைதான், ஈ சாருக்குச் சந்தேகமே இல்லை. அவள் உஷாராகிவிடக் கூடாதே என்று குரலில் தேனைத் தடவினார். "அபூர்வமான ஈம்மா. நாளைக்கு நானும் என் வீட்டுக்காரியும் நேர்லயே வந்து பார்க்கிறோம்."

"தாராளமா வாங்க சார். எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

விலாசமும் அனுப்பி வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தத் தோட்டத்தில் ஈ சாரோடு ஓர் இன்ஸ்பெக்டரும், மண்வெட்டி பிடித்த இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். "உங்க ஈயைப் பார்க்க நான் எதுக்கு?" என்று முரண்டு பிடித்த மனைவியையும் அவர் விடாமல் இழுத்து வந்திருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது.

"ஓடிட்டா, பார்த்தீங்களா!" என்று துள்ளினார் ஈ சார்.

இரண்டடி தோண்டியதுமே நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரு சாக்கு மூட்டை வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரிக்கச் சொன்னார். உள்ளே பத்து கிலோ அழுகல் மீன்.

"மீனைக் கொன்னதுக்கு எந்தச் சட்டத்துல சார் கேஸ் போடறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவி வாயே திறக்கவில்லை. அதுதான் ஈ சாருக்கு அதிகமாக வலித்தது.

போன் சிணுங்கியது. அந்தப் பெண்தான், இன்னொரு படம் அனுப்பியிருந்தாள். திறந்து கிடந்த காலி பீரோவின் கதவில் ஓர் ஈ. அத்தனை அவமானத்திலும் பழக்கம் விடவில்லை, பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது சாதாரண வீட்டு ஈ. முதுகுல நாலு கோடு இருக்கு பாரு" என்று மனைவியிடம் நீட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஈ கிடக்கட்டும். பீரோ நம்மளதுங்க."