விரியாத குழாய்

கையை இறுக்கிய பட்டை தளர்ந்தது. அடைத்து வைத்த ரத்தம் சுள்ளென்று விரல்நுனிவரை பாய்ந்தது.

அவள் ஸ்கேன் திரையைப் பார்த்தாள். கறுப்புக்குள் ஒரு சாம்பல்நிறக் குழாய்.

"இப்போ உங்க கை ரத்தக்குழாய் நல்லா விரியணும்," என்றார் டாக்டர் ஹசீனா.

விரியவில்லை.

இன்னும் ஒரு முறை இறுக்கினார். காத்திருந்தார். விட்டார்.

குழாய் அப்படியே கிடந்தது.

வெளியே சக்கர நாற்காலியில் அண்ணன் ஜெபராஜ் இருந்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அடுத்த வாரம் அவளுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைக்கப்போகிறார்கள். பொருந்தியது அவளுடையது மட்டும்தான்.

"சிகரெட் உண்டா?"

"முன்னாடி இருந்துச்சு. சுத்தமா விட்டுட்டேன், டாக்டர்."

"அதுக்குப் பதிலா?"

அவள் கைப்பையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வேப்பா? அந்த பேட்டரி சிகரெட்டா?"

"அதுல புகை கிடையாதே. வெறும் ஆவிதானே."

"தார் இல்ல, சரி. நிக்கோடின் இருக்கே. சிகரெட்டை நீங்க விட்டீங்க. உங்க ரத்தக்குழாய்க்கு அது தெரியல."

கழிப்பறைக் கதவைத் தாழிட்டு இழுத்த இழுப்பெல்லாம் நினைவுக்கு வந்தன. வீட்டில் ஒருவருக்கும் வாடை தெரியாது. நல்லதுக்குத்தான் மாறினோம் என்று அவளும் நம்பியிருந்தாள்.

"ஆபரேஷன்?"

"இப்போ முடியாது. இந்த நிலைமையில உங்க மேல கத்தி வைக்க நான் ஒத்துக்க மாட்டேன். முழுசா நிறுத்துங்க. குழாய் தேறி வர வாய்ப்பிருக்கு. மறுபடி பார்த்துட்டுச் சொல்றேன்."

"அதுவரைக்கும் அண்ணன் தாங்குவானா?"

டாக்டர் திரையை அணைத்தார்.

"டயாலிசிஸ் ஓடிட்டிருக்கு. பார்ப்போம்."

அவள் எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பிக் கேட்டாள்.

"வெளியே என்ன சொல்லப் போறீங்க?"

"தள்ளிப்போகுதுன்னு மட்டும் சொல்வேன். காரணம் உங்க சொந்த விஷயம். அதை நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

கதவைத் திறந்தாள்.

அண்ணன் மனைவி, பெனிட்டா மைனி, ஓடி வந்தாள்.

"என்னட்டி சொன்னாங்க? தேதி அதேதானா?"

"தள்ளிப்போகுது மைனி."

மைனியின் முகம் செத்துப்போனது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். வீங்கிய இமைகளுக்குள் கண்கள் சின்னதாக இருந்தன.

"உனக்கு ஏதும் கோளாறா பிள்ள? அப்படின்னா எனக்கு ஒண்ணும் வேண்டாம். உன் உடம்பைப் பாரு."

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ காரணத்துக்காகத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நம்புவார்கள். இரண்டு பேருமே நம்புவார்கள்.

மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பேசிட்டிருங்க. நான் தண்ணி பிடிச்சிட்டு வாரேன்."

அவள் எட்டி மைனியின் கையைப் பிடித்தாள்.

"போகாதீங்க மைனி. நீங்களும் உக்காருங்க. ஏன் தள்ளிப்போச்சுன்னு நான் சொல்லணும்."