எப்பவும் நாளைக்குத்தான் பரீட்சை

“கதவைச் சாத்திடாதீங்க சார். சாத்தினா அது உள்ளேயே தங்கிடும்” என்றாள் அந்தப் பெண்.

சாத்தப் போன நிபுணரின் கை அப்படியே நின்றது. “எதும்மா?”

“பரீட்சை ஹால்ல எனக்குப் பின்னால வந்து நிக்குமே, அது.”

நிபுணர் என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். ‘பரீட்சை பய நிவாரண நிபுணர்’ என்று தங்க எழுத்தில் விசிட்டிங் கார்டு கூட அடித்து வைத்திருந்தார். கார்டுக்குக் குறைவில்லை, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. இதற்கு முன் இதே அறையில் இரண்டு பேரைத் தேற்றப் போய், இரண்டு பேரையும் கோட்டை விட்டிருந்தார். இந்தப் பெண்ணையும் தேற்றி அனுப்பாவிட்டால், மாமனாரின் டயர் கடையில் பஞ்சர் பார்க்கப் போக வேண்டியதுதான்.

ஜன்னல் இல்லாத அறை. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். தலைக்கு மேலே ட்யூப் லைட் ஒன்று, எரியவும் மனசில்லாமல் அணையவும் மனசில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

நிபுணர் கதவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். டையை இறுக்கினார். தொண்டையைச் செருமினார்.

“தேர்வு சார்ந்த பதற்றம் என்பது அகவயமான ஓர் உளவியல் நிகழ்வு. அதன் அறிகுறிகளின் வாயிலாக நாம்…”

“என்ன சார், புஸ்தகம் பேசுது?”

டை தானாகவே தளர்ந்தது. “சரிம்மா. உனக்கு என்ன பண்ணுது, சொல்லு.”

“கேள்வித்தாளைக் குடுத்ததும் பிடரியில சில்லுனு ஒரு மூச்சு படும் சார். எழுத்தெல்லாம் எறும்பா ஊரும். படிச்சதை எல்லாம் யாரோ ஈரத்துணியால துடைச்சு எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கும். குனிஞ்சு பார்த்தா, பேனா பிடிச்சிருக்கிற கை என் கையே இல்ல. எழுந்து ஓடிடுவேன். இந்தத் தடவையும் ஓடினா, அப்பா படிப்பை நிறுத்திடுவாரு.”

அவளுடைய இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு இறங்கியது. வலது கண் உலர்ந்தே இருந்தது.

“பரீட்சை என்னைக்கு?”

“நாளைக்கு.”

“போன தடவை ஓடினியே, அது எப்போ?”

“அப்பவும் நாளைக்குத்தான் சார். எனக்கு எப்பவும் நாளைக்குத்தான் பரீட்சை.”

நிபுணர் அவளை உற்றுப் பார்த்தார். இரட்டைப் பின்னல், மடியில் புத்தகப் பை, எல்லாம் மாணவிக்குரிய லட்சணம்தான். ஆனால் விளக்கு ஒரு கணம் பளிச்சென்று எரிந்தபோது, அவள் வகிட்டோரம் நரை தெரிந்தது. கண்ணோரத்தில் கோடுகள் ஓடின.

“வயசு என்னம்மா?”

“பத்தொன்பது.”

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“வருஷக்கணக்கா சார். வயசுதான் ஏற மாட்டேங்குது.”

“வீட்ல… அம்மாகிட்ட சொன்னியா?”

முதல்முறையாக அவள் விழித்தாள். “அம்மாவா? எனக்கு அம்மா குடுக்கலையே சார். அப்பா மட்டும்தான் குடுத்தாங்க.”

“யாரு குடுத்தாங்க?”

அவள் பார்வை அவருடைய தோளைத் தாண்டிப் போனது, அங்கே சற்று நின்றது, பிறகு பயந்தாற்போல் திரும்பி வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் எதுவோ நகத்தால் பிராண்டுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்க்க நிபுணருக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்து என்ன சொல்ல வேண்டும்? பயம் போக்க ஐந்து வழிகள். ராத்திரியெல்லாம் கண்ணாடி முன் நின்று உருப்போட்டவை. ஐந்தும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டு ஓடியிருந்தன.

“முதலாவது… அறிகுறியை அடையாளம் காணணும். ரெண்டாவது… ரெண்டாவது வந்து…”

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை நனைந்தது. பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. வியர்வைதான் என்று சொல்லிப் பார்த்தார். பிடரி ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. அது பத்தொன்பது வயதுக் குரலே இல்லை.

“வந்துடுச்சு” என்று கிசுகிசுத்தாள்.

“எ… எது?”

“எனக்கு வருமே, அதுதான். இப்ப உங்க மேல வந்திருக்கு. நெஞ்சு படபடங்குதா? வாய் வறண்டு போச்சா? விரட்டாதீங்க. விரட்டினா இன்னும் இறுக்கும். ‘வந்துட்டியா, சரி, ஓரமா இரு’ன்னு சொல்லிடுங்க. கால் ரெண்டையும் தரையில நல்லா ஊணுங்க. மூச்சை மெதுவா இழுங்க. விடும்போது இன்னும் நீட்டி விடுங்க… ம், இன்னொரு தடவை.”

நிபுணர் விட்டார். மறுபடியும் விட்டார்.

“அஞ்சையும் துரத்திக்கிட்டுப் போகாதீங்க. தெரிஞ்ச ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க. மிச்சம் தானா வரும்.”

மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்கியது. சுவர் சுவராகத் தெரிந்தது, அவளும் ஒரு மனுஷியாகத் தெரிந்தாள். நிபுணர் டையைக் கழற்றி மடியில் வைத்தார்.

“பயமா இருக்காம்மா?” என்றார், தன் சொந்தக் குரலில். “எனக்கும்தான். வா, ரெண்டு பேரும் சேர்ந்தே மூச்சு விடலாம்.”

எங்கோ மணி அடித்தது. அவள் சட்டென்று விலகி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கண்ணில் அடுத்த சொட்டு திரளத் தொடங்கியது.

“நேரம் முடிஞ்சுது, எழுந்திருங்க தம்பி” என்றார், இவ்வளவு நேரமும் நிபுணரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்த தேர்வு அதிகாரி. “ஆலோசகர் பட்டயத்துக்கான இந்தப் பிராக்டிகல் பரீட்சையில ஒருத்தர் பாஸ். ஆனா அது நீங்க இல்ல, மாணவியா நடிக்க நாங்க கூலிக்குக் கூட்டிட்டு வந்த இந்தம்மா!”