கோ, விசிட், லீவ்

“ஐ வில் கோ மை ஹஸ்பண்ட் டுடே” என்று ரோஹிணி வாசித்ததும் வகுப்பே சிரித்தது.

பவானிபூரில் ஒரு மாடி வீட்டில் வெங்கடநாராயணன் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வாரத் திட்டம் ஒன்றை ஒரே வரியில் எழுதச் சொல்லியிருந்தார். ‘ஐ ஆம் விசிட்டிங் மை ஆன்ட் இன் டாலிகஞ்ச்’ என்று எழுதிய கல்லூரி மாணவி ஹம்சினிக்குப் பாராட்டு கிடைத்தது.

ரோஹிணிக்கு நாற்பத்தெட்டு வயது. ஐந்து மாதமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தும் ஒரு வரிகூடத் தப்பில்லாமல் எழுதியதில்லை. வாரம் தவறாமல் அவள் வரிதான் வகுப்புக்குச் சிரிப்பு.

“உனக்கு வராது ரோஹிணி. எத்தனை தடவை சொல்றது?” என்றார்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. ரோஹிணி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சும்மா ஒரு இடத்துக்குப் போனா கோ டு. பாத்துட்டுத் திரும்பி வந்தா விசிட். ஒரேயடியா விட்டுட்டுப் போனா லீவ். நீ சொல்ல வந்தது எது?”

“கடைசில சொன்னது, சார்.”

மறுபடியும் சிரிப்பு. ஹம்சினி மட்டும் சிரிக்காமல் நோட்டில் குனிந்துகொண்டாள்.

“அப்போ ஐ வில் லீவ். ஆனா வில்னா, இந்த நிமிஷம் தோணினது.”

“ரொம்ப நாளா யோசிச்சு முடிவு பண்ணினது, சார்.”

“அப்படின்னா கோயிங் டு லீவ்.”

“டிக்கெட்கூட எடுத்தாச்சு.”

“டிக்கெட்டே எடுத்தாச்சுன்னா ஐ ஆம் லீவிங். எழுது.”

எழுதிக் காட்டினாள். அவள் நோட்டு முதல்முறையாகச் சிவப்பு மை படாமல் திரும்பி வந்தது.

பதினொரு மணிக்கு எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். வெங்கடநாராயணன் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். ரோஹிணி உள்ளிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“வரி சரிதான். ஆனா என்ன உதாரணம் அது? வேற கிடைக்கலையா?” என்றார், திரும்பாமலே.

“உதாரணம் இல்லே. உங்களைத்தான் விட்டுட்டுப் போறேன்.”