சிலந்தி இழை

1938 ஜனவரி 19, முற்பகல் பத்தேகால். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. வேட்டைத் துப்பாக்கிகளுக்குத் தொலைநோக்கி செய்யும் எப்சிபாவின் பட்டறைக்குக் காவல் அதிகாரி துரைசிங்கம் நேரிலேயே வந்துவிட்டார். துறைமுக வேலைநிறுத்தத்தை ஒடுக்க அவர் வாங்கிச் சென்ற தொலைநோக்கிகள் எதிலும் குறிபார்க்கும் குறுக்குக்கோடு இல்லை. எப்சிபாவின் தந்தை காலத்திலிருந்து அங்கே அக்கோடுகளைச் சிலந்தி இழையால்தான் கட்டுவார்கள். இம்முறை அவள் கட்டவில்லை.

அவர் ஒன்றைச் சன்னலுக்கு நேரே பிடித்தார். துறைமுக வாசலில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த வேலைநிறுத்தக்காரனின் மீசைகூடத் தெரிந்தது.

“கண்ணாடி அருமை. கோடு எங்கம்மா?”

“பார்க்கத்தானே கண்ணாடி? நல்லாப் பாருங்கய்யா. அவங்களுக்கும் முகம் இருக்கு.”

“சாயங்காலத்துக்குள்ள இழையைக் கட்டு. இல்லேன்னா உரிமம் ரத்து.”

“எங்க சிலந்தியும் வேலைநிறுத்தத்துல இருக்குய்யா.”

ரத்து உத்தரவை விரித்தவர், பேனாவைத் திறந்தும் எழுதவில்லை. அவளை விட்டால் இழை கட்டத் தெரிந்தவர் அந்தக் கடற்கரை வட்டாரத்தில் எவருமில்லை என்பதை இருவரும் அறிவார்கள்.

“கடைசியாக் கேக்கறேன்.”

எப்சிபா பட்டறைச் சாவியை அவர்முன் வைத்தாள். “உங்க கை நடுங்குதுங்கய்யா. இழை கட்டத்தான் அது ஆகாது; கையெழுத்துக்குப் போதும்.”

அவர் கையொப்பமிட்டு, மை காயுமுன் தாளை நீட்டினார். அவள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள்.