விளிம்பு வரை

"வழியுது பார் மவ்ஜுதா! பாதியைக் கெட்டில்லயே திருப்பி ஊத்து."

"ஊத்த மாட்டேன். விளிம்பு வரைக்கும் இருக்கிற மாதிரிதான் வரையணும்."

எர்காஷ் தூரிகையைக் கீழே வைத்தார். பன்னிரண்டு நாளாக இதே கதைதான். தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலை விரித்துப்போட்டு, வீட்டில் உடுத்தும் பழைய உடுப்போடு, தாழ்வான மேஜை முன் உட்கார்ந்து தேநீர்க் கிண்ணத்தை நீட்டும் மனைவியை வரைந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் படம் தாஷ்கண்ட் கண்காட்சிக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் அந்தக் கிண்ணத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

சாயங்காலம் அவருடைய அக்கா சலாமத் வந்து படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னடா இது? வேண்டியவங்களுக்கு அரைக் கிண்ணம் ஊத்துவோம், இன்னும் இருந்து கேட்டு வாங்கிக் குடிக்கட்டும்னு. ரொம்ப ஊத்திக் கொடுத்தா 'குடிச்சிட்டு நடையைக் கட்டு'ன்னு அர்த்தம். இந்த மர்கிலான் ஊர்ல பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன் பெண்டாட்டி உன்னைப் பார்த்து நீட்டுறாளே!"

"அதுதான்க்கா எனக்கும் புரியல."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

அதுவும் தெரியவில்லை. போன மாதம் வந்திருந்த அவள் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசாததா? புலாவ் சோற்றில் உப்பு அதிகம் என்று சொன்னதா? இதற்கெல்லாமா இருபத்தாறு வருஷ வாழ்க்கையை முறித்துக்கொள்வாள்? பயத்தில் அவள் கையால் தேநீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். கேட்டால் வயிறு சரியில்லை என்று சமாளித்தார். அவள் இல்லாமல் அந்த வீட்டில் அவரால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

மறுநாள் காலை கடைசித் தீற்றலும் முடிந்தது. படத்தில் கிண்ணம் தளும்பி நின்றது. அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் போகணும்னா வாயைத் திறந்து சொல்லிடு மவ்ஜுதா. அக்கா வீட்டுக்குப் போயிடறேன். இப்படிக் கொல்லாதே."

"எங்க போறீங்க? எதுக்கு?"

"முழுக் கிண்ணத்தை நீட்டுறியே!"

அவள் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட மனுஷா! இதுக்குத்தான் இத்தனை நாளா வயிறு சரியில்லையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தின் அருகே போய் நின்றாள். இப்போது சிரிப்பு இல்லை.

"கண்காட்சிக்கு வேணாம்னு சொன்னா உங்க மனசு நோகும், அதான் சொல்லல. ஆனா நான் என் வீட்டுல முடியை விரிச்சுப்போட்டு உட்கார்ந்திருக்கேன். முன்னே பின்னே தெரியாத ஆம்பளைங்க எல்லாம் எதிர்ல வந்து நின்னு பார்ப்பாங்க. அவங்களுக்கு அரைக் கிண்ணமா ஊத்தச் சொல்றீங்க?"