குடிவைக்க ஒரு வீடு

"இந்த வீட்டை வாங்காதீக அண்ணே. வாடகைக்கு விட்டு இதுல காசு பாக்க முடியாது" என்றார் வீரையா.

பாம்பனில் ஒரு வீட்டுத் தரகர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவது அதிசயம்தான். ஆனால் வீரையாவுக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு. எதிரே நின்ற பூமிநாதன் ராமேஸ்வரம் லைனில் கேங்மேனாக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் வெயிலில் தண்டவாளம் பார்த்ததற்குக் கிடைத்த சேமநிதிப் பணத்தை அப்படியே இந்த வீட்டில் போடப் பார்க்கிறார். அது போனால் பிறகு கஞ்சிக்கும் வழியில்லை.

வீரையா எடுத்துச் சொன்னார். உப்புக் காற்றுக்குச் சுண்ணாம்பு நிற்காது, வருடா வருடம் பூச வேண்டும். ஓடு பாதி உடைந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிவருகிறவர்கள் ரயில்வேக்காரர்களும் சிலோன் கப்பல் ஆபீஸ்காரர்களும்தான். மாற்றல் வந்தால் போய்விடுவார்கள், வீடு பூட்டிக் கிடக்கும். வரியும் மராமத்தும் போக மிஞ்சுவது வெற்றிலைக்குக்கூடக் காணாது.

பூமிநாதன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, பத்திரம் என்றைக்கு எழுதலாம் என்று கேட்டார்.

வீரையாவுக்கு எரிச்சலாக வந்தது. சில பேருக்குக் கையில் காசு இருந்தால் கடிக்கும் போலிருக்கிறது.

"இதெல்லாம்கூடப் பரவால்லண்ணே. தெரியாம ஒரு சீக்காளியக் குடிவச்சுட்டீகன்னா அம்புட்டுத்தான். ஆகாத நட்சத்திரத்துல உசுரு போச்சுன்னா மாசக்கணக்கா வீட்டை அடச்சுப் போடணும். அப்புறம் ஒருத்தனும் குடிவர மாட்டான்."

அதற்குப் பயந்துதான் இந்த ஊரில் யாரும் நோயாளிக்கு வீடு கொடுப்பதில்லை என்றார். முந்தாநாள்கூட வடக்குத் தெருவில் ஒரு பெண் இழுத்துக்கொண்டு கிடப்பதாகக் காதில் விழ, உடனே வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லி, மறுநாளே காலி பண்ண வைத்தது தான்தான் என்றார். அவர்கள் யார் எவர் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்காரர் பிழைத்தார் அல்லவா? சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பூமிநாதன் தெருமுனையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என் வீடுன்னு ஆயிட்டா, இன்னாரை ஏன் குடிவச்சேன்னு எவனும் என்னைக் கேக்க முடியாதுல்ல தம்பி?"

"எவன் கேப்பான்? ஒங்க வீடு, ஒங்க இஷ்டம்."

பூமிநாதன் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து முன்பணத்தைக் கொடுத்தார். பத்திரம் மெதுவாக எழுதிக்கொள்ளலாம், சாவி மட்டும் இப்போதே வேண்டும் என்றார். இத்தனை சொல்லியும் கேளாதவரிடம் இனிப் பேசிப் பயனில்லை. வீரையா சாவியை நீட்டினார். குடிவர ஆள் யாரும் இருக்கிறார்களா என்று ஒப்புக்குக் கேட்டும் வைத்தார்.

பூமிநாதன் தெருமுனையைப் பார்த்துக் கையைக் காட்டினார். அங்கே நிழலில் நின்றிருந்த மாட்டு வண்டி மெதுவாக வாசலுக்கு வந்தது. பாய்க்கும் பானை சட்டிகளுக்கும் நடுவே எலும்பும் தோலுமாக ஒரு பெண் மூச்சுக்குத் தவித்தபடி படுத்திருந்தாள்.

"எம் பொண்டாட்டி ராக்கு" என்றார் பூமிநாதன். "வடக்குத் தெருவுல நீங்க காலி பண்ண வச்சது இவளைத்தான். தலைப்பக்கம் கொஞ்சம் பிடிங்க தம்பி, உள்ள கொண்டு போயிப் படுக்க வைப்போம்."